விண்டோஸைப் பெரிய டிரைவுக்கு அப்படியே மாற்றுவது எப்படி?

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் அக்காவின் மடிக்கணினியில் சி டிரைவின் பட்டை சிவப்பாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. உள்ளே இருந்த டிரைவ் 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் அதை 238 என்றுதான் காட்டும். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது. யாரும் நம்மை ஏமாற்றவில்லை. அந்த 238-இல் மீதமிருந்தது நான்கு ஜிபி. அக்கா வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து விற்பவர். தீபாவளி ஆர்டர் கணக்கு, பிள்ளைகளின் தொடக்கப்பள்ளிக் காலத்துப் புகைப்படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. "தம்பி, புதிய கணினியே வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கணினிக்கு ஒரு குறையும் இல்லை, டிரைவ்தான் சிறியது.

விண்டோஸை முதலிலிருந்து நிறுவி, ஒவ்வொரு மென்பொருளையும் தேடிப் போட்டு, கடவுச்சொற்களை நினைவுபடுத்தி உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக, பழைய டிரைவை உள்ளது உள்ளபடி ஒரு கோப்பாகச் சுருட்டிவைத்துப் புதிய டிரைவில் விரித்துவிடலாம். அந்தச் சுருளுக்குத்தான் காப்புப் படிமம் என்று பெயர். இயங்குதளம், மென்பொருள்கள், அமைப்புகள், கோப்புகள், திரையின் பின்னணிப் படம் வரை எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

டிரைவிலிருந்து டிரைவுக்கு நேரடியாக நகலெடுக்கும் முறையும் உண்டு. அதை விட்டுப் படிமத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. பெரும்பாலான மெல்லிய மடிக்கணினிகளில் டிரைவ் செருக ஓர் இடம்தான் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் பொருத்த முடியாது. அதைவிட முக்கியமானது, படிமத்தை விரிக்கும் நேரத்தில் பழைய டிரைவ் கணினியில் இருக்கவே இருக்காது, மேசைமேல் தனியாகக் கிடக்கும். எந்தப் பொத்தானைத் தவறாக அழுத்தினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. புதிய வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறி, தண்ணீரும் மின்சாரமும் சரியாக வருகின்றன என்று பார்த்த பிறகுதானே பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறோம்? இதையும் அப்படியே செய்ய வேண்டும்.

எந்தக் கணினியைத் தொடக் கூடாது

அலுவலகம் கொடுத்த மடிக்கணினியைத் திறக்காதீர்கள். உங்கள் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு எழுத்தில் அனுமதி தந்தாலொழிய அது உங்கள் வேலை அல்ல. உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் தனிநபர் கற்றல் சாதனங்களுக்கும் இதே விதிதான். அவற்றில் பள்ளி நிர்வகிக்கும் மென்பொருள் இருக்கும். இடம் போதவில்லை என்றால் பள்ளியிடம் கேளுங்கள். சில மடிக்கணினிகளில் எஸ்எஸ்டி தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. வாங்கப் போகும் முன் உங்கள் மாதிரியின் பெயரைத் தேடி, டிரைவ் கழற்றக்கூடியதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வாங்கும்போது

மூன்று பொருள்கள் தேவை: புதிய எஸ்எஸ்டி, படிமத்தை வைக்க ஒரு வெளி வன்தட்டு, குறைந்தது 8 ஜிபி கொள்ளும் தம்ப் டிரைவ். அவற்றோடு நல்ல முனையுள்ள சிறிய திருப்புளி.

எஸ்எஸ்டியில் பலர் தடுக்கி விழுவது அதன் வடிவத்தில்தான். சற்றுப் பழைய கணினிகளில் இரண்டரை அங்குலப் பெட்டி வடிவ சாட்டா டிரைவ் இருக்கும். புதியவற்றில் சூயிங்கம் பட்டை போன்ற எம்.2. அதன் மேல் எழுதியிருக்கும் 2280 என்பது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். 2242, 2230 என்று குட்டையானவையும் உண்டு. நீளம் சரியாக இருந்தாலும் எம்.2-க்குள்ளேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இணைப்பு வகைகள் இருக்கின்றன. சாட்டா மட்டும் ஏற்கும் இடத்தில் என்விஎம்இ வேலை செய்யாது. எனவே கணினியின் பின்மூடியைத் திறந்து பழைய டிரைவின் முகத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, அந்தப் படத்தோடு கடைக்குப் போங்கள். ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகிலுள்ள சிம் லிம் ஸ்குவேரில் மாடிக்கு மாடி கணினிக் கடைகள் இருக்கின்றன. படத்தைக் காட்டி, நாலைந்து கடைகளில் விலை கேட்டு, பொருள் சேவை வரி சேர்ந்த விலையா என்பதையும் உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதையும் கேட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள். நான்காம் தலைமுறை என்விஎம்இ டிரைவ் மூன்றாம் தலைமுறை இடத்திலும் வேலை செய்யும், ஆனால் மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான். பழைய கணினிக்கு ஆக விலை உயர்ந்த டிரைவை வாங்கி அந்த வேகத்தை வீணாக்க வேண்டாம். அதே பணத்தில் கொள்ளளவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் சில பத்து வெள்ளிக்கு 16 டெராபைட் என்று விற்கப்படும் வெளி டிரைவுகள் போலி. சொல்லப்படும் கொள்ளளவை அவை பொய்யாகக் காட்டும். உண்மை அளவைத் தாண்டி எழுதப்படுவது எதுவும் தங்காது. படிமத்தை அப்படிப்பட்ட ஒன்றில் வைத்தால் வைக்காததற்குச் சமம்.

வெளி வன்தட்டில், பழைய டிரைவில் பயன்பாட்டில் இருக்கும் அளவுக்காவது காலியிடம் இருக்கட்டும். இன்னொரு யோசனை: புதிய எஸ்எஸ்டி 1 டெராபைட் என்றால் வெளி வன்தட்டு 2 டெராபைட்டாக இருப்பது நல்லது. பின்னால் ஓர் இடத்தில் இந்த வேறுபாடு உங்கள் படிமத்தையே காப்பாற்றக்கூடும்.

படிமம் எடுக்கும் முன்

அவசரப்படுபவர்கள் தாண்டிப் போவது இந்தப் பகுதியைத்தான். எனக்குத் தெரிந்த எல்லாத் தொல்லைகளும் இங்கேதான் தொடங்கின.

முதலில் டிரைவின் உடல்நலம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் நலம், எச்சரிக்கை, மோசம் என்று நிலையைக் காட்டும். எச்சரிக்கை என்று வந்தால் மற்ற எதையும் செய்யாமல் புகைப்படங்களையும் ஆவணங்களையும் உடனே வெளி வன்தட்டுக்கு நகலெடுங்கள். படிமம் அதற்குப் பிறகுதான். நலம் என்று வந்தாலும், சி டிரைவின் மேல் வலச்சொடுக்குச் செய்து, பண்புகளுக்குள் போய்ப் பிழைச் சோதனையை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

அடுத்தது பூட்டு. இப்போதைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் டிரைவ் மறையாக்கம், அதாவது சாவியில்லாமல் தரவைப் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் பூட்டு, நமக்குத் தெரியாமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். ஹோம் பதிப்பில் அதற்குச் சாதன மறையாக்கம் என்று பெயர். புரோ பதிப்பில் பிட்லாக்கர். ஒரு நண்பரின் கணினியில் இதைப் பார்க்காமல், தம்ப் டிரைவிலிருந்து தொடங்குவதற்காகப் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) 'செக்யூர் பூட்' என்ற தொடக்கப் பாதுகாப்பு வசதியை அணைத்தேன். ஒரு சனிக்கிழமை இரவு அது. மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பியபோது நீலத்திரை எழுந்து, ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள், மொத்தம் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. அந்த எண் இருந்தது அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை அவர் மறந்திருந்தார். திங்கட்கிழமை கணக்கு மீளும் வரை அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அன்றிலிருந்து இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை: மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்வது, பிறகு அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போய் மறையாக்கத்தை முழுதாக அணைப்பது. தற்காலிகமாக நிறுத்திவைப்பது போதாது. பூட்டு கழன்று முடிய ஒரு மணி நேரம்கூட ஆகலாம், காத்திருங்கள். பூட்டிய டிரைவைப் படிமம் எடுக்கும் கருவியால் எது தரவு, எது வெற்றிடம் என்று பிரித்தறிய முடியாது; வெற்றிடத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வரும்.

கடைசியாக, கணினியை உண்மையாகவே அணைக்க வேண்டும். விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி இருக்கும்போது, 'ஷட் டவுன்' செய்தாலும் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். டிரைவைத் திறந்த நிலையில் விட்டிருப்பதால் படிமக் கருவி அதைத் தொட மறுக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி 'ஷட் டவுன்' கொடுத்தால் முழுதாக அணையும்.

எந்தக் கருவி

பலரும் பரிந்துரைத்துவந்த மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பு 2024 ஜனவரி 1 முதல் கைவிடப்பட்டுவிட்டது. விண்டோஸுக்குள்ளேயே ஒரு படிமக் கருவி இருக்கிறது. ஆனால் அதை இனி மேம்படுத்தப் போவதில்லை என்று 2017-லேயே மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. தைவானின் தேசிய உயர்செயல்திறன் கணிப்பு மையத்தில் உருவான குளோன்சில்லா மிகவும் நம்பகமானது. இருந்தாலும் அதன் கறுப்புத் திரையும் அடுக்கடுக்கான கேள்விகளும் புதியவரை மிரட்டும். அக்காவுக்கு நான் காட்டிக்கொடுத்தது ரெஸ்கியூசில்லா. குளோன்சில்லாவின் படிம வடிவத்தையே பயன்படுத்தும் இலவசக் கருவி இது. சுட்டியால் சொடுக்கி நடத்தலாம். டிரைவின் பிரிவுகளை (பார்ட்டிஷன்களை) நகர்த்த உதவும் ஜிபார்ட்டெட் என்ற கருவியும் கூடவே வரும், நமக்கு அது பின்னால் கட்டாயம் தேவைப்படும்.

ரெஸ்கியூசில்லாவின் ஐஎஸ்ஓ கோப்பைத் தரவிறக்கி, எட்சர் என்ற மென்பொருளால் தம்ப் டிரைவில் எழுதுங்கள். தம்ப் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். பிறகு கணினியை இயக்கி, தயாரிப்பாளரின் முத்திரை தோன்றும்போதே தொடக்கப் பட்டியலுக்கான விசையைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோவில் பொதுவாக எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். பட்டியலில் தம்ப் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். தொடங்க மறுத்தால் பயாஸில் 'செக்யூர் பூட்' வசதியைத் தற்காலிகமாக அணையுங்கள். மறையாக்கப் பூட்டை ஏற்கெனவே கழற்றிவிட்டதால் இப்போது நீலத்திரை பயமில்லை.

படிமம் எடுத்தல்

மின்செருகியை இணைத்துக்கொள்ளுங்கள், பேட்டரியை நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம். வெளி வன்தட்டை வேகமான யூஎஸ்பி 3 துளையில் செருகுங்கள். பல கணினிகளில் அதன் உட்புறம் நீலமாக இருக்கும். நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் 150 ஜிபி தரவு 25 நிமிடத்தில் முடியும். பழைய யூஎஸ்பி 2 துளையில் அதே வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ரெஸ்கியூசில்லாவில் காப்பெடுத்தலைச் சொடுக்கி, மூல டிரைவாகக் கணினியின் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுங்கள். அதிலுள்ள பிரிவுகள் பட்டியலாக வரும். சி டிரைவ் மட்டும்தானே வேண்டும் என்று மற்றவற்றின் குறியை எடுத்துவிடாதீர்கள். 100 எம்பி அளவில் சிறியதாக ஒரு பிரிவு தெரிகிறதே, கணினி எழுவதே அதன் வழியாகத்தான். எல்லாமே வேண்டும். பிறகு வெளி வன்தட்டைச் சேமிக்கும் இடமாகக் காட்டி, படிமத்துக்குத் தேதியோடு ஒரு பெயர் கொடுங்கள். பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம்.

முடிந்ததும் நேராகத் திருப்புளியை எடுக்காதீர்கள். முதல் பட்டியலில் படிமத்தைச் சரிபார்க்க ஒரு பொத்தான் இருக்கிறது. இன்னும் அரை மணி நேரம் போகும், போகட்டும். சரிபார்க்காத படிமத்தை நான் படிமமாகவே எண்ணுவதில்லை.

டிரைவை மாற்றுதல்

கணினியை முழுதாக அணைத்து, மின்செருகியை எடுத்து, பின்மூடியைத் திறங்கள். பேட்டரியின் இணைப்பைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். எம்.2 டிரைவைப் பிடித்திருப்பது ஒரே ஒரு சின்னத் திருகாணி. அதை எடுத்ததும் டிரைவ் சற்றுச் சாய்வாக எழும். அதே சாய்வில் வெளியே இழுக்க வேண்டும். புதியதை அதே சாய்வில் செருகி, அழுத்திப் பிடித்துத் திருகாணியைப் போடுங்கள். பழையதன் மேல் காகிதம் ஒட்டித் தேதி எழுதி எடுத்துவையுங்கள்.

படிமத்தை விரித்தல்

மீண்டும் தம்ப் டிரைவிலிருந்து தொடங்கி, இம்முறை மீட்டெடுத்தலைச் சொடுக்குங்கள். படிமம் எங்கே இருக்கிறது என்று காட்டி, எந்த டிரைவில் விரிப்பது என்று கேட்கும் திரை வரும்போது கைகளைச் சுட்டியிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். இங்கே தவறினால் படிமமே அழிந்துபோகும். பட்டியலில் புதிய எஸ்எஸ்டியும் படிமம் இருக்கும் வெளி வன்தட்டும் சேர்ந்தே தெரியலாம். இரண்டும் ஒரே கொள்ளளவு என்றால் குழப்பம்தான். வேறு அளவில் வாங்கச் சொன்னது இதற்காகவே. அளவையும் தயாரிப்பாளர் பெயரையும் ஒப்பிட்டு உறுதிசெய்த பிறகு, எல்லாப் பிரிவுகளையும், எந்தப் பிரிவு எங்கே என்று குறித்துவைக்கும் பிரிவு அட்டவணையையும் சேர்த்து எழுதும்படி விட்டுவிடுங்கள்.

வாங்கிய இடம் எங்கே போயிற்று

விரித்து முடித்து விண்டோஸுக்குள் போனால், சி டிரைவ் பழையபடியே சிவப்பாக இருக்கும். அக்காவின் முகம் வாடிவிட்டது. படிமம் பழைய அளவுகளை அப்படியே வரைந்துவிடுகிறது; அக்கா வாங்கிய 1 டெராபைட் டிரைவை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும், அதில் முதல் 238 மட்டும் பயன்பாட்டில் இருக்க, மீதி 693 ஜிபி கடைசியில் வெற்றிடமாகக் கிடக்கிறது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை நீட்டலாம் என்று பார்த்தால் அந்தக் கட்டளை மங்கிப்போய் அழுத்த முடியாமல் இருக்கும். காரணம், சி டிரைவுக்கும் வெற்றிடத்துக்கும் நடுவில் சில நூறு எம்பி அளவுள்ள மீட்புப் பிரிவு ஒன்று நிற்கிறது. தன் வலப்பக்கத்தை ஒட்டியிருக்கும் வெற்றிடத்துக்குள் மட்டுமே சி டிரைவை விண்டோஸால் நீட்ட முடியும்.

இணையத்தில் பலர் அந்தப் பிரிவை அழித்துவிடச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விண்டோஸ் எழாத நாளில் பழுதுபார்க்கும் கருவிகள் வருவது அங்கிருந்துதான். அழிக்காமல் நகர்த்தலாம். ஷிஃப்ட் விசையோடு அணைத்துவிட்டு மீண்டும் ரெஸ்கியூசில்லாவுக்குள் போய் ஜிபார்ட்டெட்டைத் திறங்கள். டிரைவின் முழு அளவும் பயன்படவில்லை, சரிசெய்யவா என்று கேட்டால் சரிசெய்யச் சொல்லுங்கள். ஜிபிடி எனப்படும் பிரிவு அட்டவணையின் இரண்டாவது பிரதி டிரைவின் கடைசியில் இருக்க வேண்டியது, பழைய அளவின் முடிவிலேயே தங்கிவிட்டதால் வரும் கேள்வி அது.

இப்போது மீட்புப் பிரிவைத் தேர்ந்தெடுத்து, அளவை மாற்றாமல், படத்திலுள்ள கட்டத்தை வலது ஓரம் வரை இழுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் மிஞ்சும் இடம் சுழியமாக இருக்க வேண்டும். மீட்புப் பிரிவுகள் இரண்டு இருந்தால் வலக்கோடியில் இருப்பதை முதலில் நகர்த்துங்கள். நகர்த்துவது பற்றி ஓர் எச்சரிக்கை வரும். கணினி எழும் வழியில் இந்தப் பிரிவு இல்லாததால் ஏற்றுக்கொள்ளலாம். பிறகு சி டிரைவின் வலது விளிம்பைப் பிடித்து வெற்றிடம் முழுவதும் நிறையும்படி நீட்டுங்கள். இடது விளிம்பைத் தொடவே கூடாது. இரண்டு மாற்றங்களும் வரிசையில் நின்றதும் செயல்படுத்துங்கள். பழைய சில கணினிகளில் மீட்புப் பிரிவு சி டிரைவுக்கு முன்னாலேயே இருக்கும். அங்கே இந்தப் பாடு எதுவும் இல்லை, விண்டோஸுக்குள்ளேயே நீட்டிவிடலாம்.

முதல் தொடக்கம்

தம்ப் டிரைவையும் வெளி வன்தட்டையும் எடுத்துவிட்டுக் கணினியை இயக்குங்கள். பழைய டிரைவை இப்போது யூஎஸ்பி உறையில் போட்டுச் செருகிப் பார்க்கும் ஆசை வரும். அன்று வேண்டாம். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும். கணினி எழவில்லை என்றால் தொடக்கப் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜரைக் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதுவும் நடக்காவிட்டால் விண்டோஸ் நிறுவல் தம்ப் டிரைவிலுள்ள தொடக்கப் பழுதுநீக்கியை ஓட்டுங்கள்.

எழுந்த பின் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து ரீஏஜென்ட்சி (reagentc) என்ற கருவியிடம், மீட்புப் பிரிவிலிருந்து எழும் மீட்புச் சூழலின் நிலையைக் கேளுங்கள். நகர்த்தியதில் அது முடங்கியிருந்தால் மறுபடி இயக்கும்படி சொல்லுங்கள். பயாஸில் 'செக்யூர் பூட்' வசதியை அணைத்திருந்தால் திரும்ப இயக்குங்கள். அதற்குப் பிறகு மறையாக்கத்தையும் மீண்டும் இயக்கி, புதிய மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள். பழைய எண் இனி செல்லாது. விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் தாய்ப்பலகையைச் சார்ந்தது. டிரைவ் மாறியதற்காக அதைத் திரும்ப வாங்க வேண்டியிருக்காது.

பலரும் மறப்பது ஒன்று. படிமம் எடுப்பதற்காக மறையாக்கப் பூட்டைக் கழற்றினோம் அல்லவா? ஆகவே பழைய டிரைவிலும் வெளி வன்தட்டிலுள்ள படிமத்திலும் வருமான வரிப் படிவங்கள், மத்திய சேமநிதி (மசேநி) அறிக்கைகள், புகைப்படங்கள் எல்லாம் பூட்டில்லாமல் இருக்கின்றன. கையில் கிடைத்தவர் யாரும் திறந்து பார்க்கலாம். இரண்டையும் கடவுச்சீட்டு வைக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

அக்கா அந்தப் பழைய டிரைவை ஒரு மாதம் வைத்திருந்தார். அந்த மாதத்தில் ஆர்டர் கணக்கு, அச்சுப்பொறி, வங்கி வேலை, பிள்ளையின் வீட்டுப்பாடம் என்று எல்லாவற்றையும் புதிய டிரைவில் செய்து பார்த்தார். பிறகு நாங்கள் பழையதை ஒரு யூஎஸ்பி உறைக்குள் போட்டு, தயாரிப்பாளரின் மென்பொருளால் முழுதாக அழித்தோம். சாதாரண ஃபார்மட் தரவை மறைக்குமே தவிர அழித்துவிடாது. இப்போது அதில் மாதத்துக்கு ஒருமுறை ஆர்டர் கணக்கின் நகலை வைத்துக்கொள்கிறார். உங்களுக்கு அது தேவையில்லை என்றால் வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் மின்கழிவுத் திட்டம் 2021 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அழித்து முடித்த டிரைவைக் கடைத்தொகுதியில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போடலாம். போடும் முன் அந்தத் தொட்டி எவற்றை ஏற்கும் என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.